ஊர்ப் பெண்கள் செய்த சரக்குக்குச் சிங்கப்பூரில் சந்தை: முதன்முறை இறக்குமதி செய்பவருக்கு ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டில் ஒரு பெண் நடத்தும் சிறுதொழிலிலிருந்து முறைப்படி சரக்கு வாங்கிச் சிங்கப்பூரில் விற்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தும், எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஊருக்குப் போகும்போதெல்லாம் பத்து ஓலைப் பெட்டியும் நான்கு பாயும் வாங்கி வந்து தெரிந்தவர்களுக்குக் கொடுப்பது நல்ல பழக்கந்தான் என்றாலும், அது அந்தப் பெண்ணின் தொழிலை வளர்க்காது. அவருக்கு வேண்டியது இன்ன மாதம் இத்தனை உருப்படி என்று சொல்லி, முன்பணம் கொடுத்து, மீதியை நாள் தவறாமல் கட்டி, மறுபடியும் வந்து கேட்கும் ஒரு வாடிக்கையாளர். அந்த வாடிக்கையாளராக நீங்கள் ஆவது எப்படி என்பதைத்தான் கீழே படிப்படியாகச் சொல்கிறேன்.

2013–14இல் நடந்த இந்தியாவின் ஆறாவது பொருளாதாரக் கணக்கெடுப்பு வெளிக்கொணர்ந்த சில எண்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நாட்டிலுள்ள தொழில் அமைப்புகளில் பெண்கள் உரிமையாளர்களாக இருந்தவை 13.76 விழுக்காடு, எண்ணிக்கையில் ஏறத்தாழ 80 லட்சம். அவற்றில் நூற்றுக்கு 83 அமைப்புகள் கூலிக்கு ஆள் வைத்துக்கொள்ளாதவை. நூற்றுக்கு 79 அமைப்புகள் கடன் எதுவுமின்றிச் சொந்தக் கைமுதலில் ஓடியவை. அதாவது, நீங்கள் சரக்குக் கேட்கும் பெண் பெரும்பாலும் தன் கையாலேயே வேலை செய்பவர். ஓலையும் சாயமும் வாங்கும் பணம் அவருடைய வீட்டுச் செலவிலிருந்து எடுக்கப்பட்டதாக இருக்கும். பின்னால் நான் முன்பணத்தைப் பற்றிப் பிடிவாதமாகப் பேசப்போவதற்குக் காரணம் இதுதான்.

முதற்படி: இங்கே தொழில் செய்ய உங்களுக்கு அனுமதி உண்டா?

சரக்கைப் பற்றி யோசிக்கும் முன் உங்கள் கையிலுள்ள அட்டையைப் பாருங்கள். சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் 18 வயது நிறைந்திருந்தால் அக்ரா எனப்படும் நிறுவனப் பதிவு ஆணையத்தின் பிஸ்ஃபைல் தளத்தில் தனியுரிமைத் தொழிலாகப் பதிந்துகொள்ளலாம். பெயருக்கு 15 வெள்ளி, ஓராண்டுப் பதிவுக்கு 100 வெள்ளி, மூன்றாண்டுக்கு 160 வெள்ளி என்பது கட்டணம். பதிவு முடிந்ததும் கிடைக்கும் யுஇஎன் எனப்படும் தனி அடையாள எண்தான் மற்ற எல்லாக் கதவுகளுக்கும் சாவி.

கணவரோடு புதிதாக வந்து சார்ந்திருப்போர் அட்டையில் இருக்கும் சகோதரிகள் இவ்விடத்தில் கவனமாக இருக்க வேண்டும். தொழில் நடத்த உங்களுக்கு மனிதவள அமைச்சின் இசைவுக் கடிதம் வேண்டும். அதற்கு நீங்கள் தனியுரிமையாளராகவோ பங்காளியாகவோ, நிறுவனம் என்றால் குறைந்தது 30 விழுக்காடு பங்குள்ள இயக்குநராகவோ இருக்க வேண்டும் என்பதோடு, உள்ளூர்வாசி ஒருவரை வேலைக்கு வைத்து மத்திய சேம நிதி கட்டும் நிபந்தனையும் உண்டு. சிறிய அளவில் தொடங்குபவருக்கு இது எளிதன்று. வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர்கள் தனியாக வணிகம் செய்யவே கூடாது. வீட்டுப் பணிப்பெண்களுக்கும் இதுவே விதி. நிலை அனுமதிக்காதவர்கள், அனுமதியுள்ள ஒருவரோடு ஊரிலுள்ள குழுவைச் சேர்த்துவைப்பதிலேயே பெரிய உதவி செய்துவிட முடியும் என்பதால் மனம் தளர வேண்டாம்.

வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டிலிருந்தே சிறிதாக நடத்த இடமுண்டு. ஆனால் பெட்டிகளை நடைபாதையில் அடுக்கவும், வெளியாட்களை வீட்டில் வேலைக்கு வைக்கவும், கதவில் விளம்பரப் பலகை மாட்டவும் கூடாது. ஓர் அறையின் மூலையில் அடங்கும் சரக்கோடு தொடங்குங்கள்.

இரண்டாம் படி: எந்தச் சரக்கு?

முதல் முறைக்கு உண்ணும் பொருள் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. முறுக்கும் கடலை மிட்டாயும் வேகமாக விற்கும் என்பது உண்மைதான். ஆனால் அவற்றுக்கு உரிமமும் லேபிளும் ஆய்வும் காலாவதித் தேதியும் சேர்ந்து வருவதால், ஒரு சிறு பிழை முழுச் சரக்கையும் வீணாக்கிவிடும். கெடாத கைவினைப் பொருளில் கை பழகிய பிறகு தின்பண்டத்துக்குப் போகலாம்.

புவிசார் குறியீடு பெற்ற பொருள்களின் பட்டியலிலிருந்து தேடத் தொடங்குவது நல்ல வழி. திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடைக் கோரைப் பாய், நீலகிரித் தோடர் பூத்தையல், காரைக்குடிப் பக்கத்தில் பனையோலையில் முடையும் கூடையான செட்டிநாட்டுக் கொட்டான் ஆகிய மூன்றும் பெருமளவு பெண்களின் கைவேலை. பெயருக்கே ஒரு மதிப்பு இருப்பதால், வாங்குபவரிடம் பொருளைப் பற்றிச் சொல்ல உங்களுக்குச் செய்தி இருக்கும். இந்தக் கட்டுரை முழுவதும் கொட்டானையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். திருமணம், வளைகாப்பு, நவராத்திரிக் கொலு என்று தாம்பூலம் கொடுக்கும் வழக்கம் நம் சிங்கப்பூர்த் தமிழ் வீடுகளில் குறையவேயில்லை. பிளாஸ்டிக் டப்பாவுக்குப் பதிலாக நிறமேற்றிய ஓலைக் கொட்டானில் வெற்றிலைபாக்கு வைத்துக் கொடுக்க விரும்புவோர் நிறையப் பேர்.

மூன்றாம் படி: தொழில் அவர் பெயரில்தான் இருக்கிறதா?

பெண் செய்கிறார் என்பது வேறு, பெண்ணுடைய தொழில் என்பது வேறு. பல ஊர்களில் முடைபவர் பெண். பேசுபவரும் பணம் வாங்குபவரும் அண்ணனோ தரகரோதான். அப்படிப்பட்ட இடத்தில் நீங்கள் கொடுக்கும் ஆர்டர் அவருக்குக் கூலியைத் தருமே ஒழிய கைமுதலைத் தராது. பெண்களின் தொழில்களைப் பெருநிறுவனங்களோடு இணைக்கும் வீகனெக்ட் இன்டர்நேஷனல் அமைப்பு, குறைந்தது 51 விழுக்காடு உரிமை பெண்களிடம் இருப்பதோடு நிர்வாகமும் கட்டுப்பாடும் அவர்களிடமே இருக்க வேண்டும் என்று அளவுகோல் வைத்திருக்கிறது. அந்த அளவுகோலை நாமும் எடுத்துக்கொள்ளலாம்.

இதைச் சரிபார்க்கத் துப்பறிய வேண்டியதில்லை. மூன்று தாள்களை மரியாதையாகக் கேட்டால் போதும். ஒன்று, உத்யம் பதிவுச் சான்றிதழ். 2020 ஜூலை 1 முதல் இந்தியாவில் சிறுதொழில்களுக்கு இது இணையவழி இலவசமாகக் கிடைக்கிறது. உரிமையாளரின் பெயர் அதில் இருக்கும். இரண்டு, வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம். உத்யத்தில் ஒரு பெயரும் வங்கியில் வேறொரு பெயரும் இருந்தால் நின்று கேளுங்கள். மூன்று, ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண். பேச்சு வழக்கில் ஐஇசி. இதற்குக் கட்டணம் 500 ரூபாய்தான், ஆயுள் முழுதும் செல்லும், ஆனால் ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் விவரங்களை உறுதிசெய்ய வேண்டும். இந்த உறுதிசெய்தலை மறந்து எண் முடங்கிப்போனவர்கள் பலர் என்பதால், ஆர்டருக்கு முன் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

ஐஇசி இல்லை என்று அவர் சொன்னால் விலகிப் போகாதீர்கள்; எடுத்துக்கொள்ள உதவுங்கள். அந்த எண் உங்கள் ஆர்டர் முடிந்த பிறகும் அவரிடமே இருக்கும். நாளைக்கு மலேசியாவிலிருந்தோ துபாயிலிருந்தோ ஒருவர் கேட்டாலும் அவர் தயாராக இருப்பார். ஒருவருடைய தொழிலுக்கு நாம் செய்யக்கூடிய நிலையான நன்மைகளில் இதைவிடக் குறைந்த செலவில் முடிவது வேறில்லை.

மகளிர் சுய உதவிக் குழுவிடம் வாங்குவதானால் நிலைமை சற்று வேறுபடும். தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983இல் தொடங்கப்பட்டது. 1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தர்மபுரியில் குழுக்கள் அமைக்கத் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்கப் பரவின. குழுவுக்குக் கூட்டு வங்கிக் கணக்கு இருக்கும், ஆனால் ஏற்றுமதித் தாள்கள் பெரும்பாலும் இருக்காது. மாவட்டத் தலைநகரங்களிலுள்ள பூமாலை வணிக வளாகத்துக்கும், மகளிர் திட்ட அலுவலகத்துக்கும் நேரில் போய் விசாரித்தால், எந்தக் குழு என்ன செய்கிறது, அதற்கு எந்தக் கூட்டமைப்பு பின்னால் நிற்கிறது என்று சொல்வார்கள். குழுக்களின் பொருள்கள் ‘மதி’ என்ற பெயரில் வருவதையும் அங்கே பார்க்கலாம். குழுவால் நேரடியாக ஏற்றுமதி செய்ய முடியாதபோது ஓர் ஏற்றுமதி வணிகர் வழியாக வாங்கலாம். அப்போதும் குழுவுக்குப் போய்ச்சேரும் விலை என்ன என்பதை அந்த வணிகரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நான்காம் படி: மாதிரி, அளவு, நாள்

படத்தைப் பார்த்து ஆர்டர் கொடுக்காதீர்கள். மூன்று மாதிரிகளுக்கு முழு விலையும் அஞ்சல் செலவும் கொடுத்து வரவழையுங்கள். மாதிரியை இலவசமாகக் கேட்பது பெரிய கடைகளுக்குப் பொருந்தலாம். கைவேலை செய்பவரிடம் கேட்பது ஒரு நாள் கூலியைக் கேட்பதற்குச் சமம்.

மாதிரி வந்ததும் அளவுகோல் வைத்து அளந்து, வாய் அகலம், உயரம், நிறம், மூடி உண்டா இல்லையா என்பவற்றை ஒரு தாளில் எழுதி, இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்ட மாதிரியில் ஒன்றை உங்களிடமும் ஒன்றை அவரிடமும் வைத்துக்கொள்ளுங்கள். ‘நல்ல சிவப்பு’ என்று நீங்கள் சொல்வதும் அவர் புரிந்துகொள்வதும் இரு வேறு நிறங்களாக இருக்கும். மாதிரியிலுள்ள சிவப்பு என்று சொன்னால் சண்டைக்கு இடமில்லை.

நாளைக் கணக்கிடும்போது வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். கொட்டானுக்குப் பனையின் இளங்குருத்து ஓலையை வெட்டி, வெயிலில் காயவைத்து, கத்தியால் ஒரே சீராகக் கீறி, கொதிக்கும் சாயநீரில் போட்டெடுத்து, மறுபடி உலர்த்துகிறார்கள். முடையும்போது ஓலை ஒடியாமல் வளைவதற்காக அதை நனைத்து நனைத்துத்தான் வேலை செய்கிறார்கள். சிறிய கொட்டான் ஒன்றுக்கு ஒரு பகல் வேலை என்று ஒருவர் சொன்னால், ஐந்து பேர் கொண்ட குழுவுக்கு நூறு கொட்டான் இருபது வேலைநாள். அதோடு ஓலை சேகரிக்கவும் சாயமிடவும் பத்து நாள். திருவிழா, வீட்டு விசேஷம், காய்ச்சல் என்று இன்னொரு பத்து நாள். நாற்பது நாளுக்குக் குறைவாகக் கேட்டால், முடியும் என்றுதான் சொல்வார்கள். ஆனால் அந்த வேலை இரவு விளக்கில், பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளையின் கையையும் சேர்த்து முடியும். அவசர ஆர்டரின் விலையை அங்கே யார் கொடுக்கிறார்கள் என்பதை வாங்குகிற நாம் மறக்கக் கூடாது.

நனைத்து முடைகிற வேலை என்பதை நான் பணம் இழந்துதான் தெரிந்துகொண்டேன். முதல் ஆர்டரில் அறுபது கொட்டான் கேட்டிருந்தேன். வழியில் தூசி படக் கூடாது என்று நினைத்து, ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் உறையில் இறுகக் கட்டி அனுப்பும்படி நானே சொன்னேன். அந்த அம்மா, “இன்னும் ரெண்டு வெயில் காட்டிட்டுக் கட்டுறேம்மா” என்றார். எனக்கு ஒரு விழாவுக்குள் வந்தாக வேண்டும் என்ற அவசரம், கட்டிவிடச் சொன்னேன். பெட்டியைத் திறந்தபோது பாதிக்கு மேல் அடிப்பக்கம் வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருந்தது. தொலைபேசியில் சொன்னதும் அவர் பேசாமல் இருந்துவிட்டு, “அப்பப் பணம் வராதாம்மா?” என்று மட்டும் கேட்டார். தவறு என்னுடையது என்பதால் முழுத் தொகையையும் கட்டினேன். அன்றிலிருந்து என் ஆர்டர்த் தாளில் மூன்று வரிகள் நிரந்தரமாக இருக்கின்றன: முடைந்து முடித்தபின் குறைந்தது மூன்று முழு வெயில்; பிளாஸ்டிக்குக்குப் பதிலாகத் தாள் சுற்று, அட்டைப் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம்; வழியில் ஏற்படும் சேதம் வாங்குபவர் பொறுப்பு, மாதிரியிலிருந்து மாறிய வேலை விற்பவர் பொறுப்பு.

ஐந்தாம் படி: விலையைப் பேசும் முன் கணக்கைப் போடுங்கள்

புதிதாக வருபவர்கள் முதலில் செய்வது, ஊரில் சொன்ன விலையை அடித்துப் பேசுவது. கணக்கைப் போட்டுப் பார்த்தால் அது எவ்வளவு சிறிய ஆதாயம் என்று தெரியும். எடுத்துக்காட்டுக்காக, கொட்டான் ஒன்று ஆறு வெள்ளி என்று வையுங்கள். நூறு கொட்டானுக்கு 600 வெள்ளி. இலேசான சரக்கு என்றாலும் இடத்தை அடைப்பதால் சரக்குக் கட்டணமும் காப்பீடும் 250 வெள்ளி. ஆக 850. சிங்கப்பூரில் ஓலைப் பெட்டிக்குச் சுங்கத் தீர்வை கிடையாது. மது, புகையிலை, வாகனம், எரிபொருள் ஆகியவற்றுக்குத்தான் இங்கே தீர்வை. ஆனால் பொருள் சேவை வரி 9 விழுக்காடு, சரக்கின் விலையோடு கட்டணமும் காப்பீடும் சேர்ந்த மொத்தத் தொகையின்மேல் கணக்கிடப்படும் என்பதால் 76.50 வெள்ளி. சுங்க முகவர் கட்டணம் 120, வங்கிக் கட்டணம் 30. மொத்தம் 1,076.50. ஐந்து கொட்டான் சேதமாகும் என்று கழித்தால், விற்கக்கூடிய 95இல் ஒவ்வொன்றும் உங்கள் கைக்கு வரும்போது 11 வெள்ளி 33 காசு.

இப்போது அந்தப் பெண்ணிடம் பேசி ஆறு வெள்ளியை ஐந்தாகக் குறைத்தீர்கள் என்றால், வரியும் சேர்த்து உங்களுக்கு மிச்சம் 109 வெள்ளி. உருப்படிக்கு 1 வெள்ளி 15 காசு. அவருக்கோ வருமானத்தில் ஆறில் ஒரு பங்கு போய்விட்டது. அதற்குப் பதிலாக, ஒன்றுக்குள் ஒன்று அடங்கும்படி மூன்று அளவுகளில் முடையச் சொல்லி, அடைக்கும் இடத்தைப் பாதியாகக் குறைத்து, கட்டணத்தை 125 வெள்ளிக்குக் கொண்டுவந்தால் மிச்சம் 136 வெள்ளி; உருப்படிக்கு 1 வெள்ளி 43 காசு. யாருடைய கூலியிலும் கை வைக்காமல் கூடுதலாக மிஞ்சுகிறது. மூன்று கொட்டான் சேர்ந்த அடுக்காக விற்றால் விலையும் நன்றாக வரும். சிறுதொழில் செய்யும் பெண்ணிடம் பேரம் பேச வேண்டியது விலையைப் பற்றி அன்று, வடிவத்தையும் கட்டும் முறையையும் பற்றி என்பதே இத்தனை ஆண்டுகளில் நான் கண்டது.

ஆறாம் படி: முன்பணமும் பணம் அனுப்பும் வழியும்

பாதித் தொகை முன்பணம், மீதி சரக்குப் புறப்பட்ட தாள்களின் படம் வந்தவுடன். இதைவிடத் தள்ளிப் போடாதீர்கள். சிறு, குறு தொழில்களிடம் வாங்குபவர்கள் 45 நாள்களுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்று இந்தியாவின் 2006ஆம் ஆண்டுச் சட்டமே உள்நாட்டு வணிகர்களைக் கட்டாயப்படுத்துகிறது. வெளிநாட்டில் இருக்கும் நம்மை அந்தச் சட்டம் தொடாது என்பதற்காக அதைவிடத் தாழ்ந்து நடக்கலாகாது.

சிங்கப்பூரின் பேநவ் பணப் பரிமாற்ற முறையிலிருந்து, இந்தியாவில் அதைப் போன்ற யுபிஐக்கு உடனே பணம் அனுப்பும் வசதி 2023 பிப்ரவரி 21இல் வந்ததிலிருந்து, பலர் சரக்குப் பணத்தையும் அப்படியே அனுப்பிவிடுகிறார்கள். அந்த வழி உறவினரின் பராமரிப்புக்கும் அன்பளிப்புக்குமான தனிநபர் வழி. அதில் போன பணம் ஏற்றுமதி வருமானமாகக் கணக்கில் ஏறாது. வங்கி வழியாக, ஏற்றுமதிக்கான முன்பணம் என்று நோக்கத்தைக் குறிப்பிட்டு, தொழிலின் கணக்குக்கே அனுப்புங்கள். அப்போதுதான் அவருடைய வங்கி அந்நியச் செலாவணி வந்ததற்கான சான்று தரும். அந்தச் சான்றும் ஏற்றுமதித் தாளும் சேர்ந்த கோப்புத்தான், நாளை அவர் சிறுதொழில்களுக்கான முத்ரா கடனுக்கோ வேறு வங்கிக் கடனுக்கோ போகும்போது தன் தொழிலைக் காட்டும் ஆதாரம். சிறு தொகையைப் பலமுறை அனுப்பினால் கட்டணம் கரைத்துவிடும். இரண்டே தவணையில் அனுப்புங்கள்.

அவர் பக்கத்தில் ஜிஎஸ்டி பதிவு இருந்தால், எல்யுடி எனப்படும் உறுதிமொழிக் கடிதத்தைக் கொடுத்து வரி கட்டாமலேயே ஏற்றுமதி செய்யலாம். அது தெரியாமல் வரியைக் கட்டிவிட்டுத் திரும்பப் பெறக் காத்திருப்பவரின் கைமுதல் மாதக்கணக்கில் முடங்கும். ஓர் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஏழாம் படி: சரக்கு வந்து சேரும் வழி

சிறு சரக்குக்கு அஞ்சலகமே போதும். இந்திய அஞ்சல் துறை 2022 முதல் பல அஞ்சலகங்களில் டாக் கர் நிர்யாத் கேந்திரா என்ற ஏற்றுமதி மையங்களை நடத்துகிறது. ஐஇசி உள்ளவர் ஏற்றுமதித் தாளை இணையத்தில் நிரப்பி அங்கேயே பொட்டலத்தை ஒப்படைக்கலாம். துறைமுகம் வரை போக வேண்டியதில்லை, தரகரும் வேண்டாம். தன் ஊரை விட்டு எளிதில் வெளியே போக முடியாத பெண்களுக்கு இது பெரிய வசதி. முதல் பொட்டலத்தை அனுப்பிவிட்டு ஒப்புகைச் சீட்டைப் படமெடுத்து அனுப்பும்போது அவர்கள் குரலில் தெரியும் நம்பிக்கையைக் கேட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

அளவு கூடியபின் சென்னையிலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ பிறர் சரக்கோடு சேர்த்துக் கப்பலில் போடலாம். கப்பல் பயணம் ஏறத்தாழ ஒரு வாரந்தான் என்றாலும், இருபக்கத்துக் கிடங்கையும் சேர்த்து நான்கு வாரம் என்று கணக்கு வையுங்கள்.

சிங்கப்பூர்ப் பக்கத்தில் செய்ய வேண்டியது இதுதான்: யுஇஎன் எண்ணைக் கொண்டு சிங்கப்பூர்ச் சுங்கத் துறையில் கணக்கைச் செயல்படுத்துங்கள்; ஒவ்வொரு சரக்குக்கும் டிரேட்நெட் என்ற இணைய முறை வழியாக அனுமதி எடுக்க ஒரு முகவரை அமர்த்துங்கள்; பொருளின் வகையைக் குறிக்கும் எச்எஸ் எண்ணை இருதரப்பும் ஒன்றாக எழுதுங்கள். பாய் 4601, முடைந்த பெட்டி 4602 என்ற தலைப்பில் வரும். விமானத்திலோ அஞ்சலிலோ வரும் 400 வெள்ளிக்கு மேற்படாத சரக்குக்கு நுழைவிடத்தில் வரி இல்லை என்பது சோதனை ஓட்டத்துக்கு உதவும். விலையைக் குறைத்து எழுதச் சொல்லி அந்தப் பெண்ணைக் கேட்காதீர்கள். பொய்த் தாளில் கையெழுத்துப் போடுபவர் அவர். தாள்கள் அனைத்தையும் ஐந்தாண்டு பத்திரப்படுத்த வேண்டும். பச்சை இலை, விதை, செடி சேர்ந்த எதற்கும் தேசியப் பூங்காக் கழகத்திடம் முன்கூட்டியே கேளுங்கள்.

தின்பண்டத்துக்குப் போகும்போது

கோவில்பட்டிக் கடலை மிட்டாய், மணப்பாறை முறுக்கு, வடகம், பருப்புப் பொடி என்று பெண்கள் நடத்தும் உணவுத் தொழில்கள்தாம் எண்ணிக்கையில் அதிகம் கண்ணில் படும். ஆகவே எப்படியும் ஒருநாள் அங்கே வருவீர்கள். விற்பனைக்கான உணவு ஒரு கிலோவானாலும் சிங்கப்பூர் உணவு அமைப்பின் பதிவும் அனுமதியும் வேண்டும். கைப்பெட்டியில் கொண்டுவந்து விற்பது சட்டப்படி குற்றம். அரசின் கோபிஸ்னஸ் இணையத்தளத்தில் பதப்படுத்தப்பட்ட உணவு இறக்குமதியாளராகப் பதிந்துகொள்ளலாம். செய்பவரிடம் இந்தியாவின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தந்த 14 இலக்க உரிம எண் இருக்க வேண்டும். ஏற்றுமதிக்கு ஏற்ற வகை உரிமமா என்பதையும் கேளுங்கள்.

லேபிள் ஆங்கிலத்தில் இருப்பது கட்டாயம். தமிழும் சேர்ந்திருந்தால் அழகு. பொருளின் பெயர், எடையின் இறங்கு வரிசையில் சேர்மானங்கள், நிகர எடை, எந்த நாட்டுப் பொருள், உங்கள் பெயரும் சிங்கப்பூர் முகவரியும், காலாவதித் தேதி ஆகியவை தெளிவாக இருக்க வேண்டும். ஒவ்வாமை தரும் பொருள்களைத் தனியே காட்டியாக வேண்டும்: நிலக்கடலை, கோதுமை, பால், சோயா, கொட்டைப் பருப்புகள் முதலியவை. முறுக்கு பொரித்த எண்ணெய்ச் சட்டியில் முன்பு கடலை வறுத்தார்களா என்று கேட்க மறவாதீர்கள். ஒவ்வாமையுள்ள ஒரு குழந்தைக்கு அது உயிர்ப் பிரச்சினை. பால் சேர்ந்த பொருள்களுக்குக் கூடுதல் சான்றிதழ் கேட்பார்கள் என்பதால் பால்கோவாவைப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

பொடி வகைகளில் எச்சரிக்கை வேண்டும். 2024 ஏப்ரலில் இந்தியாவிலிருந்து வந்த ஒரு மசாலாவில் எத்திலீன் ஆக்சைடு என்ற பூச்சிக்கொல்லி வேதிப்பொருள் அளவுக்கு மேல் இருந்ததால் அதைக் கடைகளிலிருந்து திரும்பப் பெறும்படி உணவு அமைப்பு உத்தரவிட்டது. மிளகாயும் மல்லியும் எங்கிருந்து வாங்கப்படுகின்றன என்று கேட்டு, ஒவ்வொரு முறை அரைத்ததிலிருந்தும் ஒரு மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஆய்வுக் கட்டணத்தை முதல் ஆண்டு நீங்களே ஏற்பதுதான் முறை.

விற்பனை

தேக்காவில் கடை வைத்திருப்பவர்களிடம் முதலில் போகாதீர்கள் என்பேன். அவர்களுக்கு வேண்டிய அளவும் விலையும் உங்கள் முதல் ஆர்டரில் கிடைக்காது. திருமணத்துக்கு நாள் குறித்த வீடுகள், சமூக மன்றத்தின் இந்திய நற்பணிச் செயற்குழு நிகழ்ச்சிகள், கோவில் விழாக்கள், பரிசுப்பை தேடும் அலுவலகங்கள் ஆகியவற்றில் முன்பதிவு வாங்கிக்கொண்டு அந்த அளவுக்கே சரக்கு எடுங்கள். கேம்பல் லேன் தீபாவளிச் சந்தையில் தனிக்கடை எடுக்க வாடகை கட்டுபடியாகாவிட்டால், ஏற்கெனவே கடை எடுப்பவரிடம் ஒரு மேசை பகிர்ந்துகொள்ளலாம். ஆண்டு விற்பனை பத்து லட்சம் வெள்ளியைத் தாண்டும்வரை நீங்கள் பொருள் சேவை வரிக்குப் பதிய வேண்டியதில்லை. ஆனால் நுழைவிடத்தில் கட்டிய வரியைத் திரும்பக் கேட்கவும் முடியாது என்பதால், மேலே போட்ட கணக்கில் அது விலைக்குள் அடங்கியிருக்கட்டும்.

பொருளோடு ஒரு சிறு அட்டை வையுங்கள்: எந்த ஊர், எத்தனை பெண்கள், ஒரு கொட்டானுக்கு எத்தனை மணி நேரம். ஏழ்மையைக் காட்டும் படம் வேண்டாம். அவர்கள் தொழில் நடத்துபவர்கள். இரக்கத்துக்காக வாங்கியவர் ஒருமுறைதான் வாங்குவார். முகமோ பெயரோ போடுவதாயிருந்தால் எழுத்தில் சம்மதம் பெறுங்கள்.

இரண்டாவது ஆர்டர்

முதல் சரக்கு விற்று முடிந்ததும், எது விற்றது, எது தங்கியது, யார் என்ன குறை சொன்னார்கள் என்பதை அவரிடம் முழுமையாகச் சொல்லுங்கள். பச்சை விற்கவில்லை, மூடியுள்ளதுதான் ஓடுகிறது என்ற செய்தி அவருக்குப் பணத்துக்கு அடுத்த மதிப்புள்ளது. அதை வைத்து அவர் வேறு வாடிக்கையாளருக்கும் செய்வார். ‘எனக்கு மட்டுந்தான் தர வேண்டும்’ என்று ஒப்பந்தம் எழுதாதீர்கள். ஆண்டு முழுவதும் அவர் செய்வதை எல்லாம் வாங்கும் வலு நமக்கு இல்லாதபோது, மற்ற கதவுகளை அடைக்க நமக்கு உரிமையும் இல்லை.

பிறகு ஒரு நாட்காட்டியை எடுத்து இருவரும் சேர்ந்து ஆண்டைக் குறியுங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அந்த நாள்களில் ஓலை காயாது, சாயம் ஏறாது, அறுபது கொட்டான் கதை மறுபடி நடக்கும். ஆகவே தீபாவளிக்கான ஆர்டரை மே மாதத்திலும் பொங்கலுக்கான ஆர்டரை ஜூலை மாதத்திலும் முன்பணத்தோடு கொடுத்து, இரண்டையும் செப்டம்பர் இறுதிக்குள் வெயில் காட்டிக் கட்டி அனுப்பிவிடும்படி வைத்துக்கொள்ளுங்கள். மழை மாதங்களுக்கு ஓலை வேலை இல்லை என்றால், அப்போது அவர்களால் வீட்டுக்குள் செய்யக்கூடிய வேறு வேலை என்ன இருக்கிறது என்று அவர்களிடமே கேளுங்கள்; நான் கேட்டபோது கிடைத்த பதில், கொட்டான் மூடிகளின்மேல் துணியும் மணியும் வைத்துத் தைப்பது. இப்போது என் ஆர்டரில் நான்கில் ஒரு பங்கு அந்தத் தையல் மூடிதான்.